எங்கள் ஆறு மாகறலுக்கு வந்தபோது

காஞ்சிபுரத்துக்காரர்களிடம் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்றுதான். மணலைக் காட்டி ஆறு என்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரர் என்னை சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஓரிக்கை வரைக்கும் மிதித்துக் கொண்டுபோய், "இதான் பாலாறு" என்று காட்டினார். முகத்தில் பெருமை வேறு. நான் எட்டிப் பார்த்தேன். மணல். நடுவில் நாலைந்து மாடுகள், கொஞ்சம் கோரைப்புல், யாரோ கழற்றி எறிந்த ஒற்றைச் செருப்பு. "தண்ணி எங்கங்க?" என்று கேட்டேன். "தண்ணி கீழ இருக்குது" என்றார். தோண்டினால் வருமாம். இந்த மனிதரிடமும் இந்த ஊரிடமும் நான் நிறையத் தோண்ட வேண்டியிருக்கும் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொரு ஆறும் உண்டு, வேகவதி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் யாரும் போவதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டுவதோடு சரி. நான் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறவள். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் பாய்ந்து வளம் செய்யும் பகுதி நம்முடையது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் சிரிக்காமல் எழுதிக்கொள்வார்கள். சிரிப்பை அடக்குவது நான்தான்.

நான் பிறந்த ஊர் வேறு மாதிரி. செங்கத்திலிருந்து ஜவ்வாது மலைப்பக்கம் போகும் பஸ் கடைசியாக நிற்குமே, அதற்கும் மேலே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு சிற்றூர். பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. ஊருக்குள் மூன்று ஓடைகள் இறங்கும். பெரிய ஓடை, நாவல் ஓடை, கிறுக்கு ஓடை. முதல் இரண்டும் ஒழுங்கானவை. மூன்றாவதுக்கு மழை பெய்தால்தான் உயிர் வரும். வந்தாலும் போன வருஷம் போன வழியில் போகாது. ஒரு வருஷம் கோயில் மதிலை ஒட்டிப் போகும், ஒரு வருஷம் ரேஷன் கடைக்குள் நுழைந்து வெளியே வரும். யாரும் அதைத் திட்டமாட்டார்கள். கிறுக்குதானே என்று மூட்டைகளை ஏற்றி வைத்துக்கொள்வார்கள்.

ஊரின் தெருக்கள் எல்லாம் ஓடைகள் சொன்னபடி வளைந்தவை. எங்களுக்கு வலது இடது கிடையாது. மேலே, கீழே, ஓடைக்கு இந்தண்டை, ஓடைக்கு அந்தண்டை, அவ்வளவுதான். பெண் கொடுக்கும்போதுகூட அந்தண்டை வீடா என்று யோசிப்பார்கள், மழைக்காலத்தில் போக வர முடியாதே என்று. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் பேசியே பழகியதால் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். நான் மருமகளாக வந்த வாரத்திலேயே, "பொண்ணு நல்ல பொண்ணுதான், யார்கிட்ட சண்ட போட்டுக்கினே இருக்குதுன்னுதான் தெரியல" என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

மூன்று ஓடைகளும் ஊருக்குக் கீழே ஒரு சின்னப் பாலத்தடியில் சேரும். அங்கிருந்து அதற்கு ஆறு என்று பெயர். செய்யாறு. அந்தப் பாலத்தின் முனையில்தான் என் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

கோடையில் ஓடைகளில் கூழாங்கல்லும் ஒரு விரல் தண்ணீரும்தான் இருக்கும். மேலே மலையில் மழை பிடித்ததும் முதல் தண்ணீர் இறங்கும். அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்கலாம். எங்கோ லாரி ஏறுகிற மாதிரி ஓர் உறுமல். உடனே நைனா பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபைப் போட்டுவிட்டுப் பாலத்தில் போய் நிற்பார். ஊரே வந்து நிற்கும். நுரையும் சருகும் முள்ளுமாகக் கலங்கிப்போன தண்ணீர் வளைவு திரும்பி வரும்போது எல்லாரும் சும்மா நின்று பார்ப்போம். பெண்கள் மஞ்சளும் குங்குமமும் போடுவார்கள். போன வருஷம் தொலைந்த ஒரு குடமோ பந்தோ அதில் மிதந்து வரும், அதற்கு உரியவர் சிரித்துக்கொண்டே இறங்கி எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதைத் தவறவிட்டவர்கள் அந்த வருஷம் முழுக்கப் பேச்சில் கொஞ்சம் பின்வாங்கியே இருப்பார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. முதல் தண்ணீர் வருகிற சமயத்தில் பள்ளிக்கூடத்தில் பரீட்சை இருக்கும், அல்லது என் வீட்டுக்காரர் நெய்கிற தறியில் அவசர வேலை இருக்கும், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கும். நான் ஊருக்குப் போவதெல்லாம் மே மாதத்தில், காய்ந்த கூழாங்கல்லைப் பார்க்க. நைனா மட்டும் மறக்காமல் போன் செய்வார். "தண்ணி வந்துடுச்சும்மா. அங்க அனுப்பி வெச்சிருக்கேன், பாத்து எறக்கிக்கோ" என்பார். சீர்வரிசையை லாரியில் ஏற்றிவிட்டவர் மாதிரி. செய்யாறு மலையை விட்டிறங்கி, வயல்களையும் ஊர்களையும் கடந்து, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் மாகறலைத் தொட்டுக்கொண்டு போய்ப் பாலாற்றில் சேர்கிறது என்று அவருக்கு நான்தான் ஒருமுறை சொல்லியிருந்தேன். வழியில் எத்தனை அணை, எத்தனை ஏரி, எத்தனை மணல். எல்லாரும் குடித்தது போக மாகறலுக்கு மிச்சம் வருகிற வருஷங்கள் குறைவு. வந்தாலும் எனக்குத் தகவல் தெரிவதற்குள் வடிந்திருக்கும்.

அம்மாவுக்காக ஏங்கினேன் என்றால் நாலு பேர் தலையாட்டுவார்கள். ஓடைக்காக ஏங்குகிறேன் என்று யாரிடம் சொல்வது? நான் சொன்னதே இல்லை. ஆனால் ஏங்கினேன். பாத்திரம் தேய்க்கும்போது குழாயைத் தேவைக்கு மேல் திறந்து வைத்துவிட்டு நிற்பேன். யாராவது வந்தால் மூடிவிடுவேன்.

அம்மா போனபிறகு நைனா தனியாகத்தான் இருந்தார். தம்பி ஓசூரில் கம்பெனியில் வேலை செய்கிறான், அவன் குடும்பத்துக்கே அங்கே இடம் போதாது. போன வருஷம் நாவல் ஓடையைத் தாண்டும்போது பாசிக்கல் வழுக்கி நைனா விழுந்தார். கணுக்கால் முறிந்து, தகடு வைத்தார்கள். இனி மேடு பள்ளம் ஏறக்கூடாது என்றார் டாக்டர். எங்கள் ஊரில் மேடு பள்ளம் ஏறாமல் இருக்க வேண்டுமென்றால் படுத்தேதான் கிடக்க வேண்டும். என் பிள்ளைகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பதால் வீட்டில் இடமும் இருந்தது. ஆகவே நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒரு மாசத்துக்குத்தான் வருகிறேன் என்று சொல்லித்தான் பஸ் ஏறினார்.

பெண் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவது எங்கள் ஆட்களுக்குக் கூச்சமான காரியம். மாப்பிள்ளை எழுந்திருப்பதற்கு முன் பாயைச் சுருட்டி வைத்துவிடுவார். இரண்டாவது முறை குழம்பு கேட்கமாட்டார். குளிக்கப் போவதற்குக்கூட என்னிடம் கண்ணால் அனுமதி கேட்பார். என் வீட்டுக்காரர் அதற்கும் மேல். அதுவரைக்கும் வீட்டில் லுங்கியோடு இருந்த மனிதர், மாமனார் வந்த நாளிலிருந்து வேட்டி கட்டிக்கொண்டார். ஒருத்தருக்கொருத்தர் மரியாதை கொடுத்தே இரண்டு பேரும் இளைத்துப்போனார்கள்.

எனக்கு மட்டும் ஒரே சந்தோஷம். என் ஊரே கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. நைனா கத்திப் பேச, நானும் கத்திப் பேச ஆரம்பித்தேன். மறந்துபோன சொற்கள் எல்லாம் வாயில் வந்தன. அவர்தான் தடுமாறினார். பிள்ளையார்பாளையத்தில் தெருக்கள் எல்லாம் ஒரே மட்டம், ஒரே மாதிரி வீடுகள், எல்லா வீட்டிலும் ஒரே தறிச் சத்தம். கடைக்குப் போனவர் முச்சந்தியில் நின்றுகொண்டு, போகிறவர்களிடம் "எதுங்க மேலே?" என்று கேட்டாராம். தெரிந்த நெசவாளி ஒருத்தர் சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுவந்து விட்டார். "இந்த ஊர்ல தண்ணி எந்தப் பக்கமா ஓடும்னு தெரியாம எப்டிமா நடக்கறீங்க?" என்றார் நைனா. வந்த புதிதில் நானும் அதைத்தான் கேட்டேன்.

ஆவணி முடியும்போதே, "தண்ணி வர்றதுக்குள்ள ஊருக்குப் போயிடணும்மா" என்று தொடங்கினார். நான் கால் பயிற்சி முடியட்டும் என்றேன். அது முடிந்ததும் நவராத்திரி கழியட்டும் என்றேன். பிறகு மழைக்காலத்தில் பஸ் சரியில்லை என்றேன். எனக்கு அவர் போகக்கூடாது. அங்கே தனியாக விழுந்து கிடப்பாரே என்ற பயம் பாதி. மீதிப் பாதியை நான் எனக்கே விளக்கிச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் இருந்தால் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சுற்றியிருந்த ஏரிகள் எல்லாம் நிரம்பி, வேகவதி இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. வேகவதி அப்படி ஓடினால் எங்கள் தெருவில் என்ன நடக்கும் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்களுடையது குழித்தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டுத்தான் மிதிக்க வேண்டும். பூமிக்குள் தண்ணீர் மேலே ஏறினால் அந்தக் குழியில் ஊறி நிற்கும். வீட்டுக்கு வீடு வாளி வைத்து இறைப்பார்கள். இறைக்க இறைக்க ஊறும். தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நிற்கும். கடைசியில் குழிகளுக்குள் தண்ணீர் கசிகிற சத்தம் மட்டும் கேட்கும். வெளியில் சொன்னால் உதைக்க வருவார்கள், எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

அந்த வாரம் எங்கள் தறியில் இருந்தது வெள்ளைப் பட்டு. ஒரு கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு, வெள்ளி ஜரிகை போட்டு. வெள்ளை தறியில் இருக்கிற நாட்களில் வீட்டில் தாளிக்கக்கூட எனக்குப் பயமாக இருக்கும். என் வீட்டுக்காரர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, இன்னொருமுறை பார்த்துவிட்டுத்தான் பாவைத் தொடுவார். நீளமாக இழுத்துக் கட்டியிருக்கிற இழைகளைத்தான் பாவு என்கிறோம். குழியில் தண்ணீர் ஏறியதும் பாவின்மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டு, யாரிடமாவது மோட்டார் கிடைக்குமா என்று பார்க்கக் கிளம்பிப் போனார். நான் அடுப்படியில் இருந்தேன். மழை என்பதால் பள்ளிக்கூடம் இல்லை.

கற்பூர வாசனை வந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லையே என்று நினைத்துக்கொண்டே தறி இருக்கிற அறைக்குப் போனேன். நைனா குழிப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் தாள் ஒரு ஓரமாக மடக்கி வைக்கப்பட்டிருந்தது. வெற்றிலையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கையில் சொம்பு, சொம்பில் மஞ்சள் தண்ணீர், அதில் தோய்த்த மாவிலைக் கொத்து. முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாம்மா, உன் வூட்ல ஊத்து கண்ணு தொறந்துருக்குது" என்றார். "கொடுத்து வெச்ச வூடும்மா இது."

எங்கள் ஊரில் அது பெரிய விஷயம். மலையோரம் என்பதால் நல்ல மழைக்கு எங்காவது ஒரு வீட்டுத் தரையில் ஊற்றுப் பிறக்கும். பிறந்தால் அந்த வீட்டுக்காரர் உடனே மஞ்சள் நீர் தெளித்துக் கற்பூரம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஊற்று கோபித்துக்கொண்டு கண்ணை மூடிவிடும். அக்கம்பக்கத்தார் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டு பார்க்க வருவார்கள். நைனா அத்தனை வருஷத்தில் எத்தனையோ வீட்டு ஊற்றைப் பார்த்துவிட்டு வந்து, நம் வீட்டில் பிறக்கவில்லையே என்று சொல்லியிருக்கிறார். இப்போது மகள் வீட்டில் பிறந்திருந்தது. மாப்பிள்ளை இல்லாத நேரமாகப் பார்த்து எல்லாவற்றையும் முறைப்படி செய்து முடித்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

நான் பாவைப் பார்த்தேன். வெள்ளை இழைகளின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மஞ்சள் பொட்டுகள். மாவிலையை நன்றாகத் தோய்த்து, மனம் குளிரத் தெளித்திருந்தார்.

"என்னா நைனா பண்ணிட்ட?" என்றேன். என் குரலைக் கேட்டபிறகுதான் அவர் நிமிர்ந்து இழைகளைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. சொம்பைக் கீழே வைக்கக்கூடத் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார்.

என் வீட்டுக்காரர் நனைந்துபோய் வந்து வாசலிலேயே நின்றார். கற்பூரம், வெற்றிலை, சொம்பு, பாவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு திட்டு விட்டிருந்தால் நான் பதிலுக்கு நாலு திட்டிச் சமாளித்திருப்பேன். அவர் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பரவால்ல மாமா. மழ வுட்டதும் கறப்பட்ட வரைக்கும் அறுத்துட்டு சேத்து முடிஞ்சிக்கலாம். நீங்க எழுந்து வந்து டீ சாப்டுங்க, ஈரத்துல உக்காந்துக்கினு" என்றார். சொல்லிவிட்டுத் தாளை எடுத்து மறுபடி பாவின்மேல் போர்த்தினார். அந்த வேலை எத்தனை நாளை விழுங்கும் என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்கு நைனா டீ குடிக்கவில்லை. சாயங்காலம் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், "நாளைக்கு என்னிய பஸ் ஏத்தி வுட்டுடு" என்றார்.

"அவருதான் ஒண்ணுமே சொல்லலியே நைனா."

"அதாம்மா. பெத்த புள்ளயா இருந்தா கெழவனுக்கு அறிவு இருக்குதான்னு நாலு வார்த்த கேட்டிருப்பான். மாப்ள கேக்கல. விருந்தாளிய யாரும் திட்டமாட்டாங்க. வந்து எத்தினி மாசம் ஆவுது, இன்னும் நா விருந்தாளிதான்."

மாப்பிள்ளை நல்லவராக இருந்ததுதான் அவரை வீட்டைவிட்டுத் துரத்தியது. மறுநாளும் மழை விடாததால் பஸ் பேச்சு தள்ளிப்போனது. ஆனால் அவர் பையை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுவிட்டார். நான் அதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

மழை ஓய்ந்து பள்ளிக்கூடம் திறந்தது. மாகறலிலிருந்து வருகிற ஒரு டீச்சர், "எங்கூரு ஆத்துல ரெண்டு கரையும் தொட்டுக்கினு போவுதுங்க டீச்சர், ஊரே வேடிக்க பாக்குது" என்று சொன்னார். வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஊருக்குப் போய்த்தான் ஆற்றைப் பார்க்க வேண்டுமா என்ன? அந்த ஆறே இங்கே வந்திருக்கிறது. கண்ணால் பார்த்துவிட்டால் மனது ஆறிவிடும், பையைப் பிரித்துவிடுவார். வருஷா வருஷம் மாகறலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் போயிற்று. மத்தியானம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"நைனா, நம்ம ஆறு வந்திருக்குது" என்றேன். சலவை வேட்டி எடுத்துக் கட்டிக்கொண்டார், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். பாலாற்றுப் பாலத்தில் கார்களும் பைக்குகளும் வரிசையாக நின்றிருந்தன. தண்ணீரைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பஜ்ஜிக் கடைகூடப் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் நான் சொன்னதெல்லாம் ஒரு நாளைக்காவது உண்மையாகிவிட்டது. நைனா பாலாற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது யாரு வூட்டு தண்ணியோ" என்று சொல்லித் திரும்பிக்கொண்டார்.

மாகறலில் இறங்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடத்திக் கரைக்குக் கூட்டிப்போனேன். ஊர்ப் பெண்கள் கூட்டமாக நின்று தாம்பாளத்தில் ஆரத்தி காட்டிக்கொண்டிருந்தார்கள். பூவும் மஞ்சளும் தண்ணீரில் சுழன்று போயின. ஆறு செம்மண் நிறத்தில் அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கல்யாணமான பிறகு எங்கள் ஆற்றில் இவ்வளவு தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை.

"நம்மளுதா இது?" என்றார் நைனா.

"நம்மளுதுதான். பெரிய ஓட, நாவ ஓட, கிறுக்கு ஓட எல்லாம் இதுலதான் வருது. நம்ம பாலத்துக்குக் கீழ பூந்துதான் வந்திருக்குது."

கரையோரமாக ஒரு கல்லில் உட்கார வைத்தேன். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், தலையில் தெளித்துக்கொண்டார். "நம்மூர்ல தாண்டிக் குதிப்போம். இங்க வந்து எவ்ளோ பெரிசாயிடுச்சு பாரேன்" என்றார். கட்டிக் கொடுத்த இடத்தில் பெண் நன்றாக இருப்பதைப் பார்க்க வந்த அப்பாவின் முகம் அது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரிக்கு அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்க வேண்டும், பையிலிருக்கும் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டேன்.

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு அது வருகிற பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்.

"இது இங்க வந்துடுச்சுன்னா, அங்க தண்ணி வந்து நாளாயிருக்கும் இல்ல?"

"ஆயிருக்கும் நைனா."

"நா பாக்காமலே வந்துட்டு, நா பாக்காமலே போயிடுச்சு." குரல் உள்ளே போயிருந்தது. கத்திப் பேசுகிற மனிதர். "பொறந்ததுலருந்து நா பாலத்துல நிக்காம மொதத் தண்ணி வந்ததே இல்லம்மா. உங்கம்மா செத்த வருசம்கூட போய் நின்னேன்."

"அடுத்த வருஷம் பாக்கலாம் நைனா" என்றேன். அவருடைய வயதை நினைத்தேன், தகடு வைத்த காலைப் பார்த்தேன், என் பேச்சு எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் கல்லிலேயே திரும்பி உட்கார்ந்துகொண்டார், ஆற்றுக்கு முதுகு காட்டி. அவ்வளவு தண்ணீர் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது, அவர் திரும்பவில்லை.

நான் எதிரில் குந்தி உட்கார்ந்தேன். அவர் கால் கட்டைவிரலில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். புதிதாக யாரையோ பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நீ பாத்தியாம்மா? கண்ணாலம் ஆயி வந்ததுலருந்து, மொதத் தண்ணிய?"

"இல்ல நைனா."

"ஒரு வாட்டிகூடவா?"

"அந்த நேரத்துல லீவு கெடைக்காது. வேல இருக்கும்."

"நா வருசா வருசம் போன் போட்டு தண்ணி வந்துடுச்சு, தண்ணி வந்துடுச்சுன்னு சொல்லிக்கினு இருந்தேனே" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இந்த ஒரு வருசம் பாக்காததுக்கே நெஞ்ச அடச்சிக்கினு வருது. இத்தினி வருசமா நீ எப்டிமா இருந்த?"

அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நல்லா இருக்கியா, பிள்ளைகள் நல்லா இருக்குதா, மாப்பிள்ளைக்கு வேலை இருக்குதா, இதைத்தான் கேட்பார்கள். கேட்டால் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குழாயைத் திறந்துவிட்டு நிற்பதைப் பற்றி, தறிக்குழியில் கசிகிற சத்தத்தைப் பற்றி. கேட்டபோது ஒரு சொல் வரவில்லை. அழுதேன். ஆரத்தி காட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கரைப்பதற்கு அஸ்தி எடுத்துக்கொண்டு வந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள். நைனா என் கையை விடவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது ஊரில் கீழ்வீட்டு அத்தைக்குப் போன் செய்தேன். ஓடைகளில் இன்னும் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். "மூணும் போய்க்கினுதான் இருக்குது. கிறுக்கு இந்த வருசம் எங்க மாட்டுக்கொட்டாய்ல பூந்துடுச்சு. தை வரைக்கும் போவும்" என்றாள். நைனாவுக்கு வேளாவேளைக்குச் சோறு கொடுக்க முடியுமா, ஓடையைத் தனியாகத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "இத கேக்கவாடி போன் போட்ட?" என்று அத்தை கத்தியது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நைனாவுக்கும் கேட்டது. அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் குழியில் வண்டல் வழித்துக்கொண்டிருந்தார். நாளைக் காலையில் ஊருக்குப் போகிறோம் என்றேன். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாவ நா பாத்துக்கறேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன் இல்ல? அதுக்காவ மாமா போவத் தேவயில்ல. இருக்கட்டும்."

"அதுக்காவ இல்லீங்க."

"இனிமே அங்கதானா?"

"அங்கதான்." நானே கூட்டிக்கொண்டு வந்தவரை நானே கொண்டுபோய் விடப்போகிறேன். இனி வீட்டில் கத்திப் பேசுவதற்கு ஆள் இருக்காது.

காலையில் இரண்டு பைகள் வாசலில் இருந்தன. ஒன்று நைனாவுடையது, இன்னொன்று என்னுடையது. என் வீட்டுக்காரர் என் பையைத் தூக்கிப் பார்த்தார். விட்டுவிட்டு வருகிறவள் எடுத்துப்போகிற பை இல்லை அது. புடவைகள் இருந்தன, போர்வை இருந்தது.

"பள்ளிக்கூடம்?"

"லீவு சொல்லிட்டேன்."

"எப்ப வருவ?"

இத்தனை வருஷத்தில் திரும்புகிற நாளைச் சொல்லாமல் நான் பையை எடுத்ததில்லை. புதன்கிழமை வந்துடுவேன், ஞாயிறு சாயங்காலம் வந்துடுவேன், அப்படித்தான் போய் வந்திருக்கிறேன். அவரும் அந்தப் பதிலுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

"தண்ணி வடிஞ்சதும் வரேங்க" என்றேன்.

அவர் இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.